சுடுகாட்டு மல்லியும் ஒரு கிழட்டு நாயும்

பெங்களூரு ஈஜிபுராவில் ஒரு குறுக்குச் சந்து. 2017-ல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த மேம்பாலத்தின் தூண்களைத் தாண்டி நாலு எட்டு உள்ளே போனால், மாடிமேல் மாடியாக அடுக்கிய வாடகை வீடுகள். அதில் ஒன்றின் முதல் மாடியில், வியாழன்தோறும் விவேக்நகர் குழந்தை யேசு கோவிலுக்குப் போய்வரும் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குக் கோரமங்களாவில் டிரைவர் வேலை. அம்மா இரண்டு வீட்டில் சமைக்கிறார். நாய்க்குப் பெயர் மணி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சாக்கடை ஓரம் குட்டியாகக் கிடந்ததைப் பெண் தூக்கிவந்தாள். கருத்தடை செய்யவில்லை, இரவில் அவிழ்த்துவிட்டால் சந்து முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் படுக்கும்.

ஒரு வாரமாக மணிக்குச் சிறுநீர் வழியில் ரத்தம் சொட்டுகிறது. சூடு பிடித்திருக்கும் என்று மோரும் சோறும் வைத்துப் பார்த்தார்கள். நிற்கவில்லை. கிளினிக்கில் டாக்டர் ஆண்குறியின் உறையை விலக்கிப் பார்த்தார். உள்ளே காலிஃபிளவர் போல ஒரு கட்டி. "கேன்சரா இருக்கலாம்" என்றார்.

மணியும் அந்தக் குடும்பமும் என் கற்பனை. ஆனால் அந்த ஒரு சொல் காதில் விழுந்த பிறகு வீட்டில் நடக்கும் பேச்சுக்குக் கற்பனை தேவையில்லை. "எவ்வளவு ஆகும்?" என்று ஒருவர் கேட்பார். "சீட்டை எடுத்துடலாமா?" என்று இன்னொருவர். "பன்னிரண்டு வயசு நாய்க்கு இவ்வளவு செலவா?" என்று மேல் வீட்டுக்காரர் படியில் நின்றபடி சொல்லிவிட்டுப் போவார். பெண் அழுவாள். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வேண்டுகோள் எழுதப்பட்டு, வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றக் கிளம்பிவிடும்: எங்கள் நாய்க்குக் கேன்சர், உதவுங்கள்.

எந்தக் கேன்சர் என்று அதில் இருக்காது. எழுதியவர்களுக்கே தெரியாது. இந்தக் கட்டுரைக்கு அதுதான் காரணம்.

புற்றுநோய் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, ஒரு குடும்பப் பெயர். அதற்குள் கொஞ்சச் செலவிலேயே அடங்கிவிடும் சாதுவும் உண்டு. லட்சக்கணக்கில் கொட்டினாலும் மூன்று மாதத்துக்கு மேல் தராத கொடியவனும் உண்டு. ஆள் யார் என்று தெரியாமல் பணம் திரட்டுவது, எந்த ஊருக்கு என்று சொல்லாமல் டிக்கெட் கேட்பது போலத்தான்.

முதலில் வயதைப் பார்ப்போம், மேல் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நாயின் ஒரு வருஷம் மனிதனுக்கு ஏழு என்ற பழைய கணக்கை அறிவியல் கைவிட்டுவிட்டது. டிஎன்ஏ மீது காலம் பதித்துவிட்டுப் போகும் மீத்தைல் அடையாளங்களை வைத்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டிரே ஐடெக்கர் குழு 2020-ல் வேறொரு சமன்பாட்டை வெளியிட்டது. லாப்ரடார்களை ஆராய்ந்து போட்ட அந்தக் கணக்கில், நாய் முதல் வருஷத்திலேயே முப்பது வயதைத் தொட்டுவிடுகிறது. பிறகு மெதுவாக ஏறுகிறது. மணியின் பன்னிரண்டு, நமக்கு ஏறக்குறைய எழுபத்தொன்று. எழுபத்தொரு வயதுப் பெரியவருக்குக் கட்டி வந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பத்து வயதைத் தாண்டிய நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு ஏதோ ஒரு புற்றுநோய் வருகிறது. அதே சமயம், எழுபத்தொன்று என்பதாலேயே ஒருவரைச் சிகிச்சை இல்லாமல் திருப்பி அனுப்புவதும் இல்லை. இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்றுதான் டாக்டர் பார்ப்பார். முதுமை தனியாக ஒரு நோய் ஆகாது.

அடுத்தது ஊசி. மருந்து ஏற்றும் ஊசி இல்லை, எடுக்கும் ஊசி. சாதாரண ஊசியைக் கட்டிக்குள் செலுத்திக் கொஞ்சம் செல்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. மணிக்கு வந்த மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டி என்றால், கண்ணாடித் தகட்டை அதன்மேல் ஒற்றி எடுத்தாலே போதும். மொத்தச் சிகிச்சையிலும் இதைவிட மலிவான வேலை கிடையாது. இதைவிட முக்கியமானதும் கிடையாது. விசித்திரம் என்னவென்றால் அவசரத்தில் தாண்டிப் போகப்படுவதும் இதுதான். மாஸ்ட் செல் கட்டி என்றால் செல்லுக்குள் ஊதாப் பொடி தூவியது போலத் துகள்கள் தெரியும். நிணநீர்ப் புற்று என்றால் ஒரே அச்சில் வார்த்த பெரிய செல்கள் தகடு முழுக்க நெருங்கி நிற்கும். மணியின் தகட்டில் வேறொன்று: உருண்டைச் செல்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் முத்துக் கோத்தது போலத் தெளிவான சின்னச் சின்னக் குமிழிகள். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அடையாள அட்டையே தேவையில்லை. இது டிவிடி. வீடியோ டிவிடி இல்லை, 'டிரான்ஸ்மிசிபிள் வெனிரியல் டியூமர்'. இணைசேரும்போது ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும் புற்றுநோய்.

புற்றுநோய் தொற்றுமா என்று கேட்பீர்கள். மனிதர்களில் கிட்டத்தட்ட இல்லை. நாய்களில் இந்த ஒன்று தொற்றும், அதுவும் கிருமி வழியாக இல்லை. கட்டியின் உயிருள்ள செல்லே ஒரு நாயிலிருந்து உதிர்ந்து மற்றொரு நாயில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. 1876-ல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் மிஸ்டிஸ்லாவ் நோவின்ஸ்கி ஒரு நாயின் கட்டியிலிருந்து எடுத்த துண்டை இன்னொரு நாயில் வைத்து வளர்த்துக் காட்டினார். அதன் முழு அர்த்தம் புரிய நூற்று முப்பது வருஷம் ஆயிற்று. 2006-ல் லண்டனில் ராபின் வைஸ் குழு உலகின் பல மூலைகளிலிருந்து வந்த கட்டிகளின் மரபணுவைப் பார்த்தது. கட்டியின் மரபணு அது வளர்ந்த நாயோடு ஒத்துப்போகவில்லை. எங்கோ தூரத்து நாட்டு நாயின் கட்டியோடு ஒத்துப்போயிற்று. நாய்க்கு 78 குரோமோசோம். இந்தக் கட்டிச் செல்லுக்கு அறுபதை ஒட்டித்தான். கேம்பிரிட்ஜின் எலிசபெத் மர்ச்சிசன் குழு 2019-ல் 43 நாடுகளிலிருந்து 546 கட்டிகளைத் திரட்டி, இதன் தொடக்கத்தைக் கணக்கிட்டது: 4,000-லிருந்து 8,500 ஆண்டுகளுக்கு முன், ஆசியாவில், ஒரே ஒரு நாய்.

அந்த நாய் எப்போதோ செத்து மண்ணாகிவிட்டது. அதன் ஒரு செல்வகை மட்டும் சாகாமல், நாய் விட்டு நாய் தாவி, கப்பலேறிக் கண்டம் தாண்டி, இன்று ஈஜிபுராவின் குறுக்குச் சந்து வரை வந்திருக்கிறது. சங்க காலத்தைவிடப் பழைய உயிர் ஒன்று மணியின் உடம்பில் வாடகைக்கு இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றுகிறது. பெங்களூரு மாநகராட்சியின் 2023 கணக்கெடுப்பில் நகரத்தின் தெருநாய்கள் ஏறக்குறைய 2.79 லட்சம். கருத்தடை ஆகாத நாய்கள் கூடித் திரியும் எந்த இந்திய நகரத்திலும் இந்தக் கட்டி கால்நடை மருத்துவருக்கு அன்றாட விஷயம். கருத்தடைத் திட்டம் தெருநாய் எண்ணிக்கைக்காக மட்டுமே என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கலாம்.

இவ்வளவு பழைய எதிரிக்கு மருந்து என்ன? வின்கிறிஸ்டின். வாரம் ஒரு ஊசி, ரத்தக்குழாயில். பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம், சில நாய்களுக்கு எட்டு. தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் முழுக்கக் குணமாகும். கட்டி சுருங்குவது இரண்டாவது ஊசிக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்பதை மணியின் வீட்டு மாடிப்படியிலேயே பார்க்கலாம். பழைய பெயின்ட் டப்பாவில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஊதாவாகவும் வெள்ளையாகவும் பூத்துக்கொண்டிருக்கும் செடி. நித்தியகல்யாணி. சுடுகாட்டில் தானாக முளைத்துக் கிடப்பதால் ஊர்ப்பக்கம் சுடுகாட்டு மல்லி என்பார்கள். சிலர் சாமிக்கு வைக்க மாட்டார்கள். மடகாஸ்கரில் பிறந்த செடி. ஜமைக்காவில் சர்க்கரை வியாதிக்கு இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் 1950-களில் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள் சரிந்தன. சர்க்கரைக்குத் தோற்ற செடி புற்றுநோய்க்கு வென்றது. முதலில் வின்பிளாஸ்டின், அதன்பின் அமெரிக்காவின் எலி லில்லி ஆய்வகத்தில் வின்கிறிஸ்டின். 1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அடிப்படை மருந்துகளில் ஒன்று. ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி மானாவாரி நிலங்களில் இலைக்கும் வேருக்கும் இதைப் பயிராகவே போடுகிறார்கள்.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க நூல்கயிறுகள் போல நுண்குழல்கள் உருவாகும். வின்கிறிஸ்டின் அந்தக் கயிறு திரிக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. கயிறு இல்லை, இழுக்க முடியவில்லை, பிரிய ஆரம்பித்த செல் பாதியில் நின்று மடிகிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்குச் சுமார் அரை டன் காய்ந்த இலை வேண்டும் என்பார்கள். மணியின் எடை பதினைந்து கிலோ என்றால் அதன் உடல் பரப்பு சுமார் 0.6 சதுர மீட்டர். ஒரு தடவைக்கான மருந்து அரை மில்லிகிராமுக்கும் குறைவு. அதாவது ஒரு ஊசிக்குக் கால் கிலோவுக்குள் இலை. முழுச் சிகிச்சைக்கும் ஒன்றரை கிலோ போதும். மருந்தும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது, விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. மணியின் பில்லில் வின்கிறிஸ்டினைவிட, ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் எடுக்கும் ரத்த அணுச் சோதனையும், மருத்துவமனைக்குப் போய்வரும் ஆட்டோவும்தான் அதிகம் தின்னும்.

மருந்து மலிவு என்பதால் விளையாட்டில்லை. ரத்தக்குழாய்க்கு வெளியே ஒரு துளி கசிந்தாலும் அந்த இடத்துத் தசை வெந்து புண்ணாகும். பழகிய கைதான் போட வேண்டும். ஊசி போட்ட சில நாளைக்கு நாயின் சிறுநீரையும் மலத்தையும் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும். கர்ப்பிணிகள் அந்த வேலைக்குப் போகக் கூடாது. முடி கொட்டுமே என்று பயப்படுபவர்களுக்கு: நம் நாட்டு நாய்க்கு அநேகமாகக் கொட்டாது. மீசை முடி உதிரலாம். நாய்களுக்குக் கீமோ கொடுக்கும் அளவே குறைவு; மிச்ச நாள் நன்றாகப் போக வேண்டும் என்பதுதான் அங்கே குறி.

மணிக்கு அதிர்ஷ்டம். எல்லா நாய்க்கும் அது வாய்க்காது.

தாடைக்கடியிலும் முழங்கால் பின்னாலும் நெறிகட்டி, வலியில்லாமல் எலுமிச்சை அளவுக்கு வீங்கி வருகிறதென்றால் நிணநீர்ப் புற்று, அதாவது லிம்போமாவாக இருக்கலாம். இதற்குச் 'சாப்' என்று சுருக்கமாகச் சொல்லும் நாலு மருந்துக் கூட்டு. நம் வின்கிறிஸ்டின் அதில் ஒன்று. இரண்டாவது சைக்ளோபாஸ்பமைடு, போர்க்களத்து மஸ்டர்ட் வாயுவின் வம்சம். மூன்றாவது டாக்சோரூபிசின், இத்தாலிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர் சுரக்கும் ரத்தச் சிவப்பு மருந்து; இதயத்தைப் பாதிக்கும் என்பதால் வயதான நாய்க்கு முன்கூட்டியே எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். நான்காவது பிரட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு. நாலைந்து மாதம் மாறி மாறிக் கொடுத்தால் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட நாய்களில் வீக்கம் மறைந்துபோகும். ஆனால் திரும்பி வரும். சராசரியாகச் சொன்னால் ஒரு வருஷம் கிடைக்கும். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் ஒன்றிரண்டு மாதம். ஒரு வருஷம்தானா என்று தோன்றலாம். நாயின் குறுகிய ஆயுளில் அது பெரிய பங்கு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வீக்கத்தைப் பார்த்ததும் சோதனைக்கு முன்பே, யாரோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை ஆரம்பித்துவிடுகிறார்கள். நாய் இரண்டே நாளில் எழுந்து வாலாட்டும். வீடே கும்பிடும். சில வாரத்தில் வீக்கம் திரும்பும்போது செல்கள் மற்ற மருந்துகளுக்கும் மசியாதவையாகி இருக்கும், ஊசியில் எடுத்துப் பார்த்தாலும் படம் குழம்பியிருக்கும். பெயர் தெரியும் வரை ஸ்டீராய்டு வேண்டாம் என்று சொல்லும் டாக்டரிடம் கோபப்படாதீர்கள்.

பெண் நாயின் மடிக்கட்டி வேறு கதை. பாதிக்குப் பாதி தீங்கில்லாதவை, கத்தியே மருந்து. மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தால் சின்னக் கட்டியை அறுத்தெடுத்துவிட்டு வருஷக்கணக்கில் ஓடும். சிறுநீர்ப்பைப் புற்றுக்கு, மனிதர்கள் மூட்டுவலிக்குப் போடும் பைராக்சிகாம் மாத்திரையே பல மாதங்களை வாங்கித் தரும். மண்ணீரலில் ரத்தநாளப் புற்று வந்து வயிற்றுக்குள் வெடித்த நாய்க்கோ, பெரிய அறுவை செய்தாலும் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம். அந்தக் கட்டத்தில் வேண்டாம் என்று கையெழுத்துப் போடும் குடும்பத்தைப் பார்த்து யாரும் கஞ்சத்தனம் என்று சொல்லக் கூடாது. சொல்பவர்கள் பில்லைக் கட்டுவதில்லை.

பில் ஏன் ஏறுகிறது? மருந்துகள் மனிதர்களுக்குச் செய்தவை, நாயின் உடம்புக்கு ஏற்ப அளந்து போடுகிறார்கள்; முப்பத்தைந்து கிலோ லாப்ரடாருக்கு ஆகும் செலவு பொமரேனியனைப் போலப் பல மடங்கு. கூடவே ஸ்கேன், எக்கோ, மயக்க மருந்து, தங்கல். எழுபது வயதைத் தாண்டிய மனிதருக்கு ஆயுஷ்மான் பாரத்தில் ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. எழுபத்தொரு வயதுக்குச் சமமான மணிக்கு ஒன்றுமில்லை. நாய்க் காப்பீடு நம் நாட்டில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான திட்டங்கள் சேரும் வயதுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றன, ஏற்கெனவே வந்துவிட்ட நோயையும் ஏற்பதில்லை. மழை வந்த பிறகு குடை விற்க மாட்டார்கள். கால்நடை கிளினிக்கின் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

பெங்களூருவில் கைக்கு எட்டும் கதவு ஹெப்பாளின் கால்நடை மருத்துவக் கல்லூரி. ஈஜிபுராவிலிருந்து நகரத்தின் மறுகோடி. நாயைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டுப் போகும் ஆட்டோக்களைக் கடந்து போய்ச் சேர வேண்டும். மாணவர்கள் கற்கும் மருத்துவமனை என்பதால் காத்திருக்க நேரிடும். கட்டணம் தனியாரோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1991-ல் தொடங்கிய 'கியூபா' அமைப்பும் ஹெப்பாளில்தான் வேரூன்றியது. தமிழ்நாட்டில் உறவு இருப்பவர்களுக்கு வேப்பேரி. 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. மூன்று தலைமுறைச் சென்னைவாசிகளுக்கு நாய் ஆஸ்பத்திரி என்றால் அதுதான். இன்னும் பின்னோக்கிப் போனால் லண்டன். 1917-ல், போர் நடந்துகொண்டிருந்தபோது, ஒயிட்சேப்பல் ஏழைப் பேட்டையில் ஒரு நிலவறையில் மரியா டிக்கின் என்பவர் காசில்லாதவர்களின் பிராணிகளுக்கு இலவச வைத்தியசாலை திறந்தார். அது இன்றும் பிடிஎஸ்ஏ என்ற பெயரில் நடக்கிறது. பிராணி மேல் பாசம் பணக்காரர் விவகாரம் என்ற பேச்சுக்கு அந்த நிலவறை வாசலில் சேர்ந்த கூட்டமே பதில்.

உதவி கேட்பதில் கூச்சம் வேண்டாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ரத்தன் டாடா. 2024 ஜூன் கடைசியில் அவர் இன்ஸ்டாகிராமில் மும்பைக்காரர்களிடம் கையேந்தினார். மும்பையில் டாடா அறக்கட்டளைகள் 165 கோடி ரூபாயில் கட்டிய சிறு பிராணிகள் மருத்துவமனையில், ஏழு மாத நாய் ஒன்று உண்ணிக் காய்ச்சல் என்ற சந்தேகத்தோடு கடுமையான ரத்தசோகையில் கிடந்தது. டாடா கேட்டது பணம் இல்லை, நாய் ரத்தம். அவர் வேண்டுகோளை மறுபடி படித்துப் பாருங்கள்: நோய் என்ன, என்ன தேவை, கொடுக்கும் நாய்க்கு வயது ஒன்றிலிருந்து எட்டு, எடை இருபத்தைந்து கிலோவுக்கு மேல், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று வரி வரியாக இருந்தது. சீக்கிரமே நாய்கள் வந்து சேர்ந்தன. நாய்களுக்கும் ரத்த வகை உண்டு, ஆனால் பெரும்பாலும் முதல் தடவை ஏற்றும்போது உடம்பு பெரிதாக எதிர்ப்பதில்லை. நன்கு வளர்ந்த பக்கத்து வீட்டு லாப்ரடார் ஒன்று ஒரு உயிருக்கு உதவலாம். கீமோவில் அணுக்கள் இறங்கிய நாய்க்கும் இது பொருந்தும்.

பணம் கேட்பதற்கு நம்மிடம் பழைய வழி ஒன்று உண்டு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்தில் கறிச்சோறு முக்கியம் இல்லை, நோட்டுதான் முக்கியம். யார் எவ்வளவு வைத்தார் என்று மேசை போட்டு எழுதுவார்கள். அந்த எழுத்தில்தான் நம்பிக்கை. 2010-ல் பெங்களூருவில் தொடங்கிய மிலாப் போன்ற இணையத் திரட்டுகளும் அதே நோட்டின் வேறு வடிவம். நாய்க்காகக் கேட்பவர் நான்கு விஷயம் எழுதினால் போதும்: சோதனையில் வந்த கட்டியின் பெயர், பரவியிருக்கிறதா, டாக்டர் தரக்கூடிய காலம், மருத்துவமனை எழுதித்தந்த மதிப்பீடு. பணம் மருத்துவமனைக் கணக்குக்கே போகட்டும். நாய் நடுவில் போய்விட்டால் மிச்சம் எங்கே போகும் என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் பலர் பர்ஸைத் திறக்கிறார்கள்.

எப்போது நிறுத்துவது என்பதற்கும் ஒரு நோட்டு உண்டு. அமெரிக்கக் கால்நடைப் புற்று மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் கொடுத்த ஏழு கேள்விகள்: வலி கட்டுக்குள் இருக்கிறதா, சாப்பிடுகிறதா, நீர் குடிக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா, நம்மைப் பார்த்தால் சந்தோஷம் தெரிகிறதா, நடக்கிறதா, நல்ல நாள் கெட்ட நாளைவிட அதிகமா. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். முப்பத்தைந்துக்கு மேல் வந்தால் தொடரலாம். தினமும் ராத்திரி காலண்டரில் ஒரு எண் எழுதினால், முடிவெடுக்கும் நாளில் வீட்டில் சண்டை குறையும்.

மணியின் காலண்டரில் எண்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. நான்காவது வெள்ளிக்கிழமை ஊசியோடு ரத்தம் சொட்டுவது நின்றுவிட்டது. டாக்டர் இன்னும் இரண்டு போடச் சொல்லியிருக்கிறார், கட்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் ஒன்றிரண்டு போடுவதுதான் முறை. மேல் வீட்டுக்காரர் இப்போது கட்சி மாறிவிட்டார். மருந்து இந்தச் செடியிலிருந்துதான் என்று கேள்விப்பட்டு, பெயின்ட் டப்பாவிலிருந்து நாலு இலையைக் கிள்ளி, அரைத்து மோரில் கலந்து கொடுத்தால் ஊசிச் செலவு மிச்சமாகுமே என்று யோசனை சொல்கிறார். இலையில் எழுபதுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள், பல விஷம். வின்கிறிஸ்டினோ அதில் தேடினாலும் கிடைக்காத அளவு. பெண் டப்பாவை மணிக்கு எட்டாத மேல் படிக்கு நகர்த்தி வைத்திருக்கிறாள்.